மண்ணூரிலிருந்து மறைமலை நகர்: கயலுக்கு என்ன என்று கேட்கப் போன சனிக்கிழமை

மண்ணூரிலிருந்து மறைமலை நகருக்கு ஏறக்குறைய முப்பத்தேழு கிலோமீட்டர். வழியில் இறங்கிப் படம் எடுக்கும்படி எதுவும் கிடையாது. இருபக்கமும் தொழிற்சாலை மதில், நடுவில் கொஞ்சம் ஏரி, மறுபடியும் மதில். ஆனாலும் இந்தப் பயணத்தை எழுதுகிறேன். எங்களைப் போல ஒரு குழந்தையைக் கூட்டிக்கொண்டு, பதில் தேடி இந்தச் சாலையில் போகப்போகிற பெற்றோர் சிலராவது இதைப் படிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

போனது 2014 மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை. நாங்கள் நான்கு பேர். எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் செல்வம், அவர் மனைவி முத்துலட்சுமி, அவர்களின் ஐந்தரை வயது மகள் கயல்விழி, நான். செல்வம் குடும்பத்துக்குச் சங்கரன்கோவில் பக்கம். அவர் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறார். லைனில் வரும் பாகத்தை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சை அட்டை, திருத்த வேண்டியதென்றால் மஞ்சள், தள்ளவேண்டியதென்றால் சிவப்பு என்று கட்டி அனுப்புவது அவர் வேலை. நான் முப்பத்தொரு வருஷம் அரசு நடுநிலைப் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள்.

கயலுக்கு வார்த்தைகள் தெரியும், பேச்சு வராது. நூறு வரை எண்ணுவாள். பசித்தால் பசிக்கிறது என்று சொல்லமாட்டாள்; என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பிஸ்கட் டப்பாவின் மேல் வைப்பாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். ஆனால் தெருமுனையில் கம்பெனி பேருந்து திரும்பும் சத்தத்துக்கு முதலில் ஓடுகிறவள் அவள்தான். தினமும் சாயங்காலம் நாலு பத்துக்கு வரும் 17ஆம் நம்பர் பேருந்தில் செல்வம் இறங்குவார். கயல் வாசலில் நின்று, கண்ணாடியில் மாட்டியிருக்கும் 17 என்ற பலகையைப் பார்த்து, பேருந்தின் பக்கவாட்டில் ஒருமுறை கை வைத்துவிட்டு, அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருவாள். ஒருநாள் செல்வம் நண்பரின் பைக்கில் முன்னதாக வந்துவிட்டார். அன்று அழுகை ஓய எட்டு மணி ஆனது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டு வருஷமாக அவர்கள் ஏறாத படி இல்லை. காது கேட்கவில்லையோ என்று ஒருவர் சோதிக்கச் சொன்னார். காது நன்றாக இருந்தது. டிவியை நிறுத்துங்கள் என்றார் ஒருவர். இன்னொருவர் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, மூளை வளர்ச்சி குறைவு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஊரிலிருந்து செல்வத்தின் அம்மா போனில், "நீ பிள்ளகிட்ட வாய் தொறந்து பேசுனாத்தான அது பேசும்" என்று முத்துலட்சுமியைச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். என்ன என்று தெரியாமல் சேர்க்கமாட்டோம் என்றது பள்ளிக்கூடம். அப்போதுதான், மறைமலை நகரில் குழந்தைகள் வளர்ச்சி மையம் ஒன்றுக்குச் சனிக்கிழமைகளில் சென்னையிலிருந்து ஒரு மருத்துவர் வருகிறார் என்று செல்வத்தின் சக ஊழியர் சொன்னார். போன் செய்தோம். பதினொரு நாள் கழித்து, காலை பத்தரைக்கு நேரம் கொடுத்தார்கள்.

அந்தப் பதினொரு நாளில் நாங்கள் செய்த காரியத்தைச் சொல்லவேண்டும். செல்வத்தின் கம்பெனியில் வெளியிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வந்தால், பத்து நாள் முன்பே தரைக்கு மஞ்சள் கோடு போட்டு, யார் என்ன கேட்டால் என்ன பதில் என்று எல்லோருக்கும் மனப்பாடம் செய்விப்பார்களாம்.

"டாக்டர் பாக்குததும் ஆடிட்டுதான டீச்சர்? என்ன கேப்பாங்கன்னு நமக்குத் தெரியும்லா. நீங்க சொல்லிக் குடுத்தா பிள்ள சொல்லிப்புடும்" என்றார் செல்வம்.

ஆசிரியரிடம் போய் இப்படிச் சொன்னால் சும்மா இருப்பாரா? ஆறு கேள்வி, ஆறு பதில் தயார் செய்தேன். பேர், வயசு, அப்பா பேர், ஊர், பந்தைக் காட்டி இது என்ன, கடைசியாக, மழை பெய்தால் என்ன செய்வாய். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. கண்ணைப் பார்த்துப் பேசுவதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன். நான் மடியில் மூன்று விரல்களை ஒவ்வொன்றாக மடக்குவேன். அதுவரை எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்க்க வேண்டும். ஒன்பதாம் நாள் ஆறும் வந்துவிட்டது. செல்வம் லட்டு வாங்கி வந்தார்.

முத்துலட்சுமி மட்டும் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "பாஸாயிட்டான்னா என்ன டீச்சர் செய்யுதது? மறுபடி வீட்டுக்கு வந்து நானும் அவளும்தான இருக்கணும்" என்றார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை ஏழேகாலுக்குக் கிளம்பினோம். ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையம் எட்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய். அங்கிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில் போகும் அரசுப் பேருந்து ஏழு ஐம்பதுக்கு. ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் இருக்கை கிடைத்தது. இப்படிப்பட்ட குழந்தையோடு போகிறவர்கள் அந்த இடத்துக்கு முயலுங்கள். எதிரே சாலை தெரிவதால் கயல் அசையாமல் வந்தாள். எதிரில் வந்த ஒவ்வொரு கம்பெனி பேருந்தின் எண்ணையும் மெல்லிய குரலில் படித்துக்கொண்டிருந்தாள்.

நடத்துநர் பயணச்சீட்டுக் கட்டோடு வந்தார்.

"பாப்பா, உன் பேரு இன்னா?"

"கயல்விழி."

"வயசு இன்னா ஆவுது?"

"அஞ்சு."

"ஷோக்கா சொல்லுதே. இதுக்கு அர டிக்கெட்டு" என்று கிழித்துக் கொடுத்தார். செல்வம் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை, பொதுத்தேர்வு முடிவு வந்த அன்று தலைமையாசிரியர் பார்க்கிற பார்வை. "ஆடிட் பாஸ் டீச்சர்" என்றார் ரகசியமாக.

ஒரகடம் கூட்டுரோட்டில் லாரி நெரிசலில் இருபது நிமிஷம் போனது. சிங்கப்பெருமாள் கோவில் சேர ஒன்பதேகால். ரயில் நிலையத்தில் ஐந்து ரூபாய்ச் சீட்டு, ஒரே ஒரு நிறுத்தம், அடுத்தது மறைமலை நகர். பேருந்திலேயே போயிருக்கலாம்தான். ரயில் கயலுக்காக. ஒன்பது ஐம்பதுக்கு இறங்கி, பத்து நிமிஷம் நடந்து, ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த மையத்துக்குப் போய்விட்டோம். கட்டணம் ஐந்நூறு ரூபாய். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் மருந்து வாசனை இல்லை. தரையில் பாய், பொம்மைகள், சோப்புக் குமிழி ஊதும் டப்பா.

மருத்துவர் நாற்பது வயதைத் தாண்டிய பெண்மணி. பாயிலேயே உட்கார்ந்திருந்தார். நாங்கள் மூவரும் பெஞ்சில், ரிசல்ட் பார்க்க வந்தவர்கள் மாதிரி. அவர் ஒரு சிவப்புப் பந்தை எடுத்து நீட்டினார்.

"கயல், இது என்ன?"

"கயல்விழி" என்றாள் கயல், மருத்துவரின் கண்ணை நேராகப் பார்த்து. என் விரல்கள் மடிந்துகொண்டிருந்தன.

"சரிடா குட்டி. இது என்ன கலர்?"

"அஞ்சு."

"அம்மா எங்க இருக்காங்க?"

"செல்வம்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"காலையில சாப்டியா?"

"மண்ணூர்."

"தண்ணி வேணுமா?"

"பந்து."

மருத்துவருக்கு இப்போது சிரிப்பை அடக்க முடியவில்லை. "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கா கயல்?"

"குடை பிடிப்பேன்" என்று முடித்துவிட்டு, கயல் என் விரல்களைத் திரும்பிப் பார்த்தாள். மூன்றும் மடிந்திருக்கின்றனவா என்று சரிபார்த்துக்கொண்டு, பந்தை வாங்கி முகர்ந்து பார்க்கப் போய்விட்டாள்.

"யாரு டீச்சர்?" என்றார் மருத்துவர் எங்களைப் பார்த்து. நான் கையைத் தூக்கினேன். என் வாழ்க்கையில் மாணவராகக் கையைத் தூக்கி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"எத்தனை நாள் கோச்சிங்?"

"பதினொரு நாள்."

"வரிசை மாறாம கத்துக்கிட்டாளே, நல்ல வேலைதான். ஆனா நான் மார்க் போட வரல டீச்சர். எங்க கஷ்டப்படுறான்னு பாக்க வந்திருக்கேன். அத நீங்க மறைச்சு வச்சுட்டா நான் என்னத்தப் பாக்குறது?"

அவர் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. காய்ச்சல் எவ்வளவு என்று பார்க்கப் போகும்போது, வாசலில் நின்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு போவது போன்ற வேலை அது. தெர்மாமீட்டர் பாஸ் ஆகிவிடும். காய்ச்சல் வீட்டுக்கு வந்துவிடும்.

அப்போதுதான் முத்துலட்சுமி தன் போனை நீட்டினார். "இதுல இருக்கு டாக்டர். எங்க அக்காவுக்கு அனுப்ப எடுத்தது. யாரும் சொல்லிக் குடுக்காதப்போ அவ எப்படி இருப்பாளோ, அப்படி." இருபதுக்கு மேல் சிறு காணொளிகள். செருப்புகளை அளவு வாரியாக அடுக்கும் கயல். மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு சுற்றும் கயல். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சமையல் விளையாட்டு விளையாட, அந்தச் சட்டியின் மூடியை மட்டும் சுழற்றிக்கொண்டிருக்கும் கயல். மருத்துவர் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்தார்.

பிறகு நடந்ததை விரிவாகவே சொல்கிறேன், ஊசியும் ஸ்கேனும் இருக்குமோ என்று பயந்துகொண்டு போகிறவர்களுக்கு உதவும். எங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. மருத்துவர் முக்கால் மணி நேரம் கயலோடு விளையாடினார். குமிழி ஊதி நிறுத்தினார், இன்னும் வேண்டும் என்று எப்படிக் கேட்கிறாள் என்று பார்க்க. அவள் அவர் கையைப் பிடித்து டப்பாவின் மேல் வைத்தாள். பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார், ஜன்னலைச் சுட்டிக் காட்டினார், வெறும் கோப்பையில் டீ குடிப்பது போல நடித்தார். மரப்பலகையில் வடிவங்களைப் பொருத்தச் சொன்னபோது, அவர் சொல்லி முடிப்பதற்குள் கயல் பொருத்திவிட்டாள். இன்னொரு அரை மணி நேரம் முத்துலட்சுமியிடம் கேள்விகள். எப்போது தவழ்ந்தாள், எப்போது சிரித்தாள், ஒன்றரை வயதில் எதையாவது சுட்டிக் காட்டினாளா. முத்துலட்சுமிக்கு எல்லாம் மாதக் கணக்கில் நினைவிருந்தது.

ஒரு மணிக்கு மருத்துவர் சொன்னார். "இது ஆட்டிசம்."

செல்வம் பெஞ்சின் நுனிக்கு வந்தார். "நான் கேக்குதேன்னு தப்பா நெனைக்காதீங்க டாக்டர். இது பச்சையா, மஞ்சளா, செவப்பா? ரீவொர்க் பண்ணிரலாமா, இல்ல ரிஜெக்டா?" கேலிக்காகக் கேட்கவில்லை அவர். குரலிலேயே அது தெரிந்தது.

அட்டை விவரத்தை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட மருத்துவர், "நீங்க ஒரு பார்ட்ட எத வச்சு அளப்பீங்க?" என்றார்.

"டிராயிங்க வச்சு. அதுலதான அளவெல்லாம் போட்டிருக்கும்."

"கயலுக்கு டிராயிங் யார் போட்டாங்க?"

செல்வம் பாயில் இருந்த கயலைத் திரும்பிப் பார்த்தார்.

மருத்துவர் நிதானமாக விளக்கினார். சில காலம் முன்புவரை இதில் தனித்தனிப் பெயர்கள் இருந்தனவாம். பேச்சு நன்றாக வருகிறவர்களுக்கு ஒன்று, எந்தப் பெயரிலும் சேராதவர்களுக்கு ஒன்று என்று. ஒரே குழந்தைக்கு இரண்டு மருத்துவர் இரண்டு பெயர் எழுதியதும் உண்டு. இப்போது எல்லாம் ஒரே பெயரின் கீழ் வருகிறது. அதற்குள், பிறரோடு பழகுவதில் எவ்வளவு உதவி தேவை, பழக்கம் மாறினால் தாங்குவதில் எவ்வளவு உதவி தேவை என்று இரண்டையும் தனித்தனியாக எழுதுகிறார்கள். எனக்கு ரேங்க் கார்டு நினைவுக்கு வந்தது. மொத்த மதிப்பெண் ஒன்றை மட்டும் பார்த்தால் பிள்ளையைத் தெரியாது; பாடவாரியாகப் பார்த்தால் எங்கே கை கொடுக்க வேண்டும் என்று தெரியும். கயலுக்கு இரண்டிலும் நடுத்தர அளவு என்று எழுதினார். மூளை வளர்ச்சி குறைவு என்று எழுதிய அந்தப் பத்து நிமிஷச் சீட்டைப் பற்றி, "புத்தி எவ்வளவுங்கறது வேற கேள்வி. அதுக்குத் தனியா ரெண்டு தடவை வாங்க. பதில் சொல்லலன்னா தெரியலன்னு அர்த்தம் இல்ல" என்றார். சாதாரணப் பள்ளியில் சேர்க்கலாம், கூடவே பேச்சுப் பயிற்சியும் தேவை என்று பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் கொடுத்தார்.

முத்துலட்சுமி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நான் அவகிட்ட சரியாப் பேசாததாலயா டாக்டர்?"

"இல்லம்மா. உங்களால வரல. நீங்க பேசாததால வரல, டிவியால வரல. இன்னைக்கு இத்தன சீக்கிரம் எனக்கு வெளங்கினதே உங்க போனாலதான்."

படி இறங்கும்போது முத்துலட்சுமி, "ஒரு பேரு கெடச்சிருச்சுல்லா டீச்சர். இனி யாரு கேட்டாலும் அதச் சொல்லிக்கிடுவேன்" என்றார். எதிரில் இருந்த மெஸ்ஸில் அளவுச் சாப்பாடு ஐம்பது ரூபாய். அவர் இரண்டு முறை ரசம் வாங்கிச் சாப்பிட்டார். அவ்வளவு பசியோடு அவரை நான் பார்த்ததில்லை.

எனக்குத்தான் சோறு மெதுவாக இறங்கியது. என் வகுப்பில் இப்படி ஒருவன் இருந்தான். கூப்பிட்டால் திரும்பமாட்டான், மணி அடிக்கும் சத்தத்துக்குக் காதைப் பொத்துவான். என்னிடம் படித்த மூன்று வருஷமும் அவன் ரேங்க் கார்டில் 'பிடிவாதம்' என்று என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். யாரும் எனக்கு வேறு சொல் கற்றுத் தரவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டேன், பாதிதான் எடுபட்டது.

திரும்பும்போது சிங்கப்பெருமாள் கோவிலில் பேருந்து கண்முன்னே போய்விட்டது. ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய், பதின்மூன்று கிலோமீட்டர். ஓட்டுநர் பேர் ஏழுமலை, வழியில் இருக்கும் ஊர்க்காரர். "குந்துங்கம்மா, இன்னும் ரெண்டு பேரு வந்தா வண்டிய எடுத்துட்றேன்" என்று ஐந்து பேரை ஏற்றினார். ஒரகடம் கூட்டுரோடு வந்தபோது மூன்று இருபது. முதல் ஷிப்ட் விட்ட நேரம். வரிசையாகக் கம்பெனி பேருந்துகள். மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். நாங்களும் இறங்கப் போனோம்.

"பதினேழு" என்றாள் கயல்.

சிக்னலில் நாலைந்து வண்டிகளுக்குப் பின்னால் 17 நின்றுகொண்டிருந்தது. கயல் பேருந்தைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள். மறுபடி பேருந்தை. எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் விஷயம் உறைத்தது. எல்லாவற்றையும் திட்டமிட்டோம், இதை யோசிக்கவில்லை. அவள் உதடு கோணத் தொடங்கியது. "பதினேழு. அப்பா." செல்வத்தின் கையை இரண்டு கையாலும் பிடித்து வெளியே தள்ளினாள்.

"அப்பா இங்கனதான இருக்கேன் தாயி" என்றார் செல்வம்.

"ஏங்க, அவ பேசுதா. உங்களுக்கு வெளங்கலையா?" என்றார் முத்துலட்சுமி. "எறங்கி அதுல ஏறுங்க."

"லீவு போட்டவன் பஸ்ல ஏறுனா சிரிப்பாங்க முத்து."

"சிரிக்கட்டும். ஐடி கார்டு இருக்குல்லா? போங்க."

செல்வம் சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே ஓடினார். பேருந்துக் கதவைத் தட்டினார். உள்ளே ஏறினார்.

ஏழுமலை திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா, வூட்டுக்காரர இப்டி தொரத்திட்டீங்க?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பேருந்து மண்ணூர் போகும்போது இந்தப் பாப்பா வாசலில் நின்றுகொண்டிருக்க வேண்டும், அதற்கு முன் போக முடியுமா என்று கேட்டேன். அவர் பக்கத்துப் பெட்டிக்கடையைப் பார்த்து, "டேய், என்ன யாராச்சும் தேடுனா மண்ணூர் போயிகீறேன்னு சொல்லு" என்று கத்திவிட்டு வண்டியை எடுத்தார். "முந்நூறு ரூவா குடுத்துடுங்க. அது அங்கங்க நிறுத்தி ஆள எறக்கிகினு வரும். நமக்கு இன்னா, ஸ்டாப்பா கீது?"

இருபது கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூர் வரை 17 எங்களுக்கு முன்னால்தான் போனது. கயல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதன் பின்பக்கத்தையே பார்த்தபடி வந்தாள். பேருந்து நிலையம் அருகே ஆள் இறக்க அது ஒதுங்க, ஏழுமலை கடந்தார். ஜன்னலில் செல்வமும் அவர் நண்பர்களும் கையாட்டினார்கள். நாங்கள் வீட்டு வாசலில் இறங்கும்போது மணி நாலு ஐந்து. ஏழுமலை காசை வாங்கிக்கொண்டும் போகவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு நின்றார்.

நாலு பத்துக்கு 17 வந்தது. கயல் பலகையைப் படித்தாள். செல்வம் இறங்கினார், பின்னால் ஜன்னல் முழுக்கச் சிரிப்பு. கயல் பேருந்தின் பக்கவாட்டில் கை வைத்தாள். அப்பாவின் விரலைப் பிடித்தாள். பிறகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். என் விரல்களுக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

"பாப்பா ஓகே சார்" என்றார் ஏழுமலை, வண்டியைத் திருப்பிக்கொண்டே.

போகப்போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். குழந்தைக்கு எதையும் சொல்லிக்கொடுத்துக் கூட்டிப் போகாதீர்கள். அதற்குப் பதில், வீட்டில் இயல்பாக இருக்கும்போது போனில் எடுத்துக்கொண்டு போங்கள். அடம், அழுகை உட்பட. காது சோதித்த சீட்டு, பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள், தவறாக எழுதியவை என்று நினைப்பதையும் சேர்த்து. ஒரே மருத்துவர் பத்து நிமிஷத்தில் சொன்னதை முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அரசுச் சான்றிதழ் இதிலிருந்து வேறு. அதற்குப் பெரிய மருத்துவமனை போக வேண்டும், முறையை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். செலவு, நான்கு பேருக்குச் சாப்பாடும் ஏழுமலையின் முந்நூறும் சேர்த்து ஆயிரத்து முந்நூறுக்குள் முடிந்தது.

ஒரகடம் கூட்டுரோட்டை மாலை மூன்றிலிருந்து நாலு வரை தவிர்த்துவிடுங்கள், கம்பெனி பேருந்துகளின் நெரிசல் தாங்காது. நாங்கள் மட்டும் இரண்டு வாரம் கழித்துப் அந்தப் புத்தித் திறன் சோதனைக்குப் போகும்போதும் சரியாக மூன்று இருபதுக்கு அங்கே இருப்போம். ஏழுமலையிடம் சொல்லியாகிவிட்டது. செல்வம் அடையாள அட்டையை இப்போதே பையில் போட்டுவிட்டார்.